காக்கா வராத திதி

வீட்டுப் பின்பக்கச் சுவரின் மேல் வாழையிலையை வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்து, "கா... கா... கா..." என்று கத்திக்கொண்டிருந்தேன்.

மதியம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் பட்ட வெயில் திரும்பி நேராக என் முகத்துக்கு வந்தது. இலையில் சோறு, ஆட்டுக்கறிப் பிரட்டல், பொரித்த தெங்கிரி மீன், உளுந்து வடை, அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் பாயாசம். பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட டீ, ஸ்ட்ராவோடு. எல்லாம் என் அண்ணனுக்கு. அன்றைக்கு அவனுடைய முதல் வருஷத் திதி.

எனக்குப் பின்னால், சமையல்கட்டு வாசலில், அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காக்கா வந்து இலையில் வாய் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி. காலையில் வழக்கம்போல இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். காக்காதானே, கூப்பிட்டால் வந்துவிடும் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வானத்தில் ஒரு காக்கா இல்லை.

ஜொகூரில், எங்கள் மாசாயில் காக்கா இல்லை என்றால் இங்கே இருக்கிற யாரும் நம்ப மாட்டார்கள். குப்பைத்தொட்டி மேல் காக்கா, விளக்குக் கம்பத்தில் காக்கா, சாப்பாட்டுக் கடையில் நாம் ரொட்டியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனால் மேசை மேல் காக்கா. அன்றைக்கும் எதிர் வரிசை வீடுகளின் கூரை மேல் சில உட்கார்ந்து கத்திக்கொண்டுதான் இருந்தன. எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் ஒன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மாக் சிக் ஜமிலா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். கோழி ஏதும் ஓடிப்போய்விட்டதா என்று மலாயில் கேட்டார். இல்லை, காக்காவைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பார்க்கத்தான் செய்வார். ஒரு வருஷமாக அதே இடத்தில் நின்று, உண்டிவில்லில் கல் வைத்து, கண்ணில் பட்ட காக்காவையெல்லாம் துரத்திக்கொண்டிருந்தவள் நான்தான்.

சூப்பர்வைசரும் கூட்டாளிகளும்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அண்ணனைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. பெயர் தேவா. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலம் தாண்டிப் போய், இருட்டின பிறகு வீடு திரும்புவான். போன வருஷம் மழை பெய்த ஒரு விடியற்காலையில் ஹைவேயில் ஒரு லாரிக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தான். அதைப் பற்றி இரண்டாவது வாரமே எழுதிவிட்டேன். திரும்ப எழுதத் தெம்பு இல்லை.

அவன் விட்டுவிட்டுப் போனது கோழிகளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலு திராம் பக்கம் போனவன், மோட்டாருக்குப் பின்னால் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு வந்தான். பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. எதுக்குடா இது என்று அம்மா கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் அம்மாவுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா என்றான்.

அம்மா கோழிகளோடு பேசவில்லை. திட்டினார். ஆனால் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் திட்டினார், அதனால் அவன் நினைத்தது நடந்த மாதிரிதான்.

பெயர் வைத்தது அவன்தான். சேவல் பெயர் சூப்பர்வைசர். சத்தம் மட்டும் போடும், ஒரு வேலையும் செய்யாது. நேரம் கெட்ட நேரத்தில்கூட முட்டை போடுகிற சிவப்புக் கோழிக்கு ஓவர்டைம். எப்போதாவது ஒன்று போட்டுவிட்டு ஊரையே கூட்டுகிறதுக்கு போனஸ். எந்நேரமும் அடை காக்கிறேன் என்று மூலையில் படுத்துக்கொள்கிற கறுப்புக் கோழிக்கு எம்.சி. பெக்டரியில் வேலை செய்யாதவர்களுக்குச் சொல்கிறேன், எம்.சி. என்றால் டாக்டர் கொடுக்கிற லீவுச் சீட்டு.

வீட்டுக் கோழியை வீட்டில் சமைக்கக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். சட்டம் போட்ட கையோடு கடைக்குப் போய்ப் பொரித்த கோழி வாங்கி வந்து தின்பான். கேட்டால், "அது வேற கம்பெனி ஆளு லா" என்பான்.

எனக்குக் கோழிகள் மேல் அப்போது ஒரு ஆசையும் கிடையாது. பாரம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டேன், பாசிர் கூடாங்கில் பேக்கிங் லைனில் நின்றேன், வீட்டுக்கு வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். கூண்டைக் கழுவு என்றால் முதுகு வலிக்கிறது என்பேன். எம்.சி. என்ற பெயரை முதலில் எனக்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

எம்.சி. குஞ்சு பொரித்தது

அண்ணன் போனபோது எம்.சி. அடையில் இருந்தது. முட்டைகளை அதன் அடியில் வைத்தது அவன்தான். அதற்குள் வீட்டில் என்னென்னவோ நடந்துவிட்டது. பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். யார் யாரோ வந்தார்கள், சமைத்தார்கள், அழுதார்கள். கோழிக்குத் தீனி போட்டது யார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கருமாதி முடிவதற்குள் ஒரு காலையில், பின்னால் துணி காயப்போடப் போனவள் கீச்கீச் என்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எம்.சி.யின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று.

நான் அப்படியே ஈரத் துணி வாளியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் வைத்த முட்டை. அவன் இல்லை, குஞ்சு இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே ஒரு காக்கா வந்து ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. என் கண் முன்னால். நான் கையில் இருந்த துடைப்பத்தை வீசினேன். துடைப்பம் எம்.சி. மேல் விழுந்தது.

போர்

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு காக்காவையும் விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

முதலில் உண்டிவில். சின்ன வயதில்கூட நான் அதைத் தொட்டதில்லை. முதல் கல் மாக் சிக் ஜமிலா வீட்டு ஆஸ்ட்ரோ டிவி தட்டில் பட்டு டங் என்றது. இரண்டாவது கல் என் சொந்தக் கட்டைவிரலில். காக்கா நகரக்கூட இல்லை, தலையைச் சாய்த்துப் பார்த்தது. மாக் சிக்குக்கு முட்டை கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். செத்த காக்கா மாதிரி ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் மற்ற காக்காக்கள் அந்தப் பக்கமே வராதாம். கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்து, பழைய துணி அடைத்து, கயிறு கட்டி, நானே ஒன்று செய்தேன். நன்றாக வந்திருந்தது. ரொம்ப நன்றாக. காலையில் பல் விளக்கிக்கொண்டு பின்னால் போன அம்மா அதைப் பார்த்து அலறியதில் சூப்பர்வைசர் கூண்டு மேலிருந்து விழுந்துவிட்டது.

ஆனால் வேலை செய்தது. காக்காக்கள் எங்கள் கூரையை விட்டுப் போயின. மிச்சம் இருந்த குஞ்சுகள் பிழைத்தன, வளர்ந்தன, செடிகளையெல்லாம் கிளறி நாசம் செய்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று பெக்டரியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா ஒரு தடவை சொன்னார், காக்காவைப் பகைத்துக்கொள்ளாதே, நமக்கு வேண்டியிருக்கும் என்று. நான் காதில் வாங்கவில்லை. குஞ்சு திருடும் கழுதைகள் நமக்கு எதற்கு என்று கேட்டேன். திதி என்று ஒன்று வரும், அன்றைக்கு இதே கழுதைகளைக் கை கூப்பிக் கூப்பிட வேண்டும் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை.

இன்னொரு விஷயமும் அப்போது தெரியாது. காக்காவுக்கு ஆள் முகம் மறக்காது. நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கம்பத்தில் இருக்கிற காக்காக்கள் ஒன்றாகக் கத்தும். பக்கத்தில் நிற்கிறவர்களை ஒன்றும் செய்யாது. என்னைப் பார்த்துத்தான். ஒருநாள் ஒன்று பின்னாலிருந்து வந்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. பஸ்ஸில் ஏறும்வரைக்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியம்மா லாபிஸிலிருந்து வந்தார்

திதிக்கு முதல் நாளே பெரியம்மா வந்துவிட்டார். அம்மாவின் அக்கா. லாபிஸில் வீட்டைச் சுற்றி வாழை வைத்திருக்கிறார், அதனால் இலைக்கட்டும் அவரோடு பஸ்ஸில் வந்தது. வந்ததும் பின்னால் போய் சூப்பர்வைசரைப் பார்த்தார். நன்றாகக் கொழுத்திருக்கிறது, பையன் கோழி என்றால் உயிரை விடுவான், இதையே படையலுக்கு அறுத்துவிடலாம் என்றார்.

நான் சேவலைத் தூக்கி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். அது என் சட்டையில் கழிந்தது. அப்படியும் விடவில்லை.

அம்மாதான் முடித்துவைத்தார். ஆட்டுக்கறி போதும் என்றார். சரி, முட்டையாவது வை, முட்டை இல்லாமல் என்ன படையல் என்றார் பெரியம்மா. ஓவர்டைம் காலையில் போட்ட முட்டையை அவித்து வைத்தோம்.

திதி அன்று, கோழிகளை எல்லாம் கூண்டுக்குள் அடைத்தேன். தொங்கவிட்டிருந்த குப்பைப்பைக் காக்காவைக் கழற்றி எடுத்தேன். கழற்றிவிட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன். அண்ணன் படத்துக்கு முன்னால் படைத்து, கற்பூரம் காட்டி, காக்காவுக்குத் தனி இலை எடுத்துச் சுவரில் வைத்தேன்.

அப்புறம்தான் அந்த "கா... கா..."

நான் கத்தக் கத்த எதிர்க் கூரையில் இருந்தவைகூட எழுந்து போய்விட்டன. பெரியம்மா என்னைத் தள்ளிவிட்டு அவரே கூப்பிட்டுப் பார்த்தார். காக்காவுக்கு எங்கள் வீட்டு மேல் இருந்த பயம் போகவில்லை. கூண்டுக்குள்ளிருந்து சூப்பர்வைசர் மட்டும் பதில் சொன்னது.

பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ என்னடி பண்ணி வச்சிருக்க இந்த வீட்டுல?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். உண்டிவில், குப்பைப்பை, எல்லாம். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வருகிற தாத்தா பாட்டனையெல்லாம் கல்லால் அடித்த குடும்பம் இந்த ஜொகூரிலேயே எங்கள் குடும்பம் ஒன்றுதான் என்றார்.

 அம்மா நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மடியில் இருந்த கை நடுங்கியது. சீனி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. தே கலக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். வாயை மூடிக்கொண்டார்.

"அம்மா, ஒரு வாய் குடிங்கம்மா. மயக்கம் வந்துரும்."

"அவன் சாப்புடட்டும்" என்றார். "அன்னிக்கும் வெறும் வயித்தோடதான் கெளம்புனான். நான் எந்திரிக்கிறதுக்குள்ள போயிட்டான்."



பூப்போட்ட ஹெல்மெட்

யோசனை சொன்னது மாக் சிக் ஜமிலா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா இங்கே வராவிட்டால் காக்கா இருக்கும் இடத்துக்கு நீ போ என்றார். பாசார் சந்தைக்குப் பின்னால் போ, மீன் குடல் கொட்டும் இடம். போகும்போது இதைப் போட்டுக்கொள், உன் முகத்தைப் பார்த்தால் அங்கேயும் ஓடிவிடும் என்று சொல்லி அவருடைய ஹெல்மெட்டை வேலிக்கு மேலே நீட்டினார். ரோஸ் நிறம், மஞ்சள் பூப்போட்டது, முன்னால் கறுப்புக் கண்ணாடி.

இலையை மடிக்காமல் ஒரு தட்டில் வைத்து, மாக் சிக்கின் மோட்டாரின் முன் கூடைக்குள் இறக்கினேன். மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பாயாசம் வழி முழுக்கச் சிந்தியது. பெரியம்மா வீடியோ காலில் இருந்தார். போனை அம்மா முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

பாசார் மூடும் நேரம். பின்பக்கம் கால்வாய் ஓரத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீன் வாடையும், ஈரச் சிமெண்டு வாடையும். காக்காக்கள் கூட்டமாக இருந்தன. மனசு நிறைந்துபோனது. இலையைக் கால்வாய் ஓரக் கட்டை மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுங்களுக்கு முன்னால் மலை மாதிரி மீன் குடல் கிடந்தது. எங்கள் வீட்டு உளுந்து வடை யாருக்கு வேண்டும்?

பாசார் ஜாகா, காவல்காரர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். இங்கே குப்பை போடக் கூடாது என்று மலாயில் அதட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கிற ஆள் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. குப்பை இல்லை பாக் சிக், என் அண்ணனுக்குச் சாப்பாடு என்றேன். அண்ணன் எங்கே என்று கேட்டார். காக்காக்களைக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு, "யாங் மானா?" என்றார். எது உன் அண்ணன் என்று கேட்கிறார்.

தெரியவில்லை பாக் சிக் என்றேன்.  ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, குழாயை வாங்கி, அந்த மீன் குடலையெல்லாம் தண்ணீரால் கால்வாய்க்குள் தள்ளிவிட்டார். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

காக்காக்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றின. ஒன்று மட்டும் இறங்கியது. மெலிந்த காக்கா, ஒரு இறக்கை கொஞ்சம் தொங்கியது. இலையைச் சுற்றி நடந்தது. ஆட்டுக்கறியைப் பார்த்தது, தாண்டிப் போனது. மீனைத் தாண்டிப் போனது. நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். சட்டென்று அவித்த முட்டையைக் கொத்தி, பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் பறந்தது.

"எடுத்துருச்சும்மா" என்றேன். "எடுத்துருச்சு. நீங்க சாப்புடுங்க."

போனில் அம்மாவின் குரல் சின்னதாக வந்தது. "என்னத்த எடுத்துச்சு?"

"முட்டைம்மா."



"முட்டையா? தேவா முட்டைய தொட மாட்டானே."

அது உண்மை. இத்தனை கோழி வளர்த்தவன் ஒரு முட்டை வாயில் வைத்ததில்லை. வாடை ஆகாது என்பான். நாங்கள் முட்டை பொரித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவான். படையலில் முட்டை வைத்ததே பெரியம்மாவின் வற்புறுத்தலுக்காக. முதலில் எதை எடுக்கிறதோ அது செத்தவருக்குப் பிடித்தது என்று சொல்வார்கள். ஆட்டுக்கறியை விட்டுவிட்டு முட்டையை எடுத்தால் அது அவன் இல்லை. அம்மா இனி சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். 

"இருங்கம்மா, இன்னொன்னு வரும். இத வெரட்டிட்டு வேற..."

"வெரட்டாத" என்றார் அம்மா.

போனில் அவர் முகம் தெரியவில்லை. பெரியம்மாவின் கட்டைவிரல்தான் பாதித் திரையை மறைத்தது.

"யாரு பெத்த புள்ளையோ. அதுக்கு யாரும் வைக்கல போல. நடந்து வந்ததப் பாத்தல்ல, பசி அதுக்கு. சாப்புடட்டும். முழுசா சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் நீ அங்கயே நில்லு."

"நிக்கிறம்மா."

"அவன் அங்கதான் எங்கயாச்சும் இருப்பான். இதுக்கு உட்டுக் குடுத்துட்டு நிப்பான்."

பிறகு பெரியம்மாவிடம் ஏதோ சொன்னது கேட்டது. தட்டு வைக்கிற சத்தம். போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டார்கள். திரையில் மேலே சுற்றுகிற காத்தாடியும், கீழே ஓரமாக அம்மாவின் தாடையும் மட்டும் தெரிந்தன.

சுவரில் இருந்த காக்கா திரும்ப வந்து மிச்ச முட்டையையும் எடுத்தது. அதற்குப் பின்னால் இன்னும் சில இறங்கின, கறிக்கும் மீனுக்கும் சண்டை போட்டன. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாடை அசைந்தது. நின்றது. கொஞ்ச நேரம் நின்றே இருந்தது. மறுபடியும் அசைந்தது.